பதில் வேண்டாம் என்றவருக்கு முதல் பதில்

போன இதழில், சாட் வழியாக ஆலோசனை தரும் சேவைகளில், எழுதுபவரின் மொழியைப் படித்து ‘இவருக்குத் தற்கொலை அபாயம் இருக்கலாம்’ என்று எச்சரிக்கும் மென்பொருள்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. வந்த தேதி வரிசையில் பதில் சொல்வது வழக்கம். இந்த முறை கடைசியாக வந்த கடிதத்தை முதலில் எடுத்திருக்கிறேன்.

அம்மா, உங்கள் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். பெரிய பிரச்னை என்று எதுவும் இல்லை. வீட்டில் எல்லோரும் தங்கமானவர்கள், நான்தான் அவர்களுக்குப் பாரம். கொடுக்க வேண்டிய பாக்கியெல்லாம் கொடுத்தாகிவிட்டது. புத்தகங்களை நண்பனிடம் ஒப்படைத்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது. பதில் போட வேண்டாம். நன்றி சொல்லத்தான் எழுதினேன்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தம்பி, உங்கள் மெயிலைப் பார்த்த உடனே பதில் போட்டேன், ஒரே ஒரு கேள்வியோடு: “உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?” ஆமாம் என்று ஒரு சொல்லில் எழுதினீர்கள். அந்த ஒரு சொல்லை எழுதி அனுப்ப எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்று இரவே அண்ணனிடம் சொல்லச் சம்மதித்ததும், அவரோடு போய் மருத்துவரைப் பார்த்ததும் நீங்கள் எடுத்த முடிவுகள். இதை அச்சில் போடலாம் என்று அனுமதி தந்ததும் நீங்கள்தான். உங்களை அடையாளம் காட்டக்கூடிய வரிகளை எடுத்துவிட்டேன். சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றும் வாரத்திலும் போய்விட்டு வாருங்கள்.

இதே எண்ணத்தோடு இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற யாராவது இருந்தால், அடுத்த கேள்வியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988. வேறு நாட்டில் இருந்தால் அங்கேயுள்ள அவசர உதவி எண்ணை அழையுங்கள். ‘எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை’ என்றே ஆரம்பியுங்கள், எதிர்முனையில் இருப்பவருக்கு அது போதும்.

அக்கா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். ‘சாவு’, ‘தற்கொலை’ மாதிரி சொற்களைத் தேடிக் கொடி காட்டும் புரோகிராமை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். இதில் இவ்வளவு ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?
— ஒரு மாணவி

மேலே உள்ள கடிதத்தை உங்கள் புரோகிராமில் போட்டுப் பாருங்கள். ஒரு சொல்கூடச் சிக்காது. அதையே இந்த வாக்கியங்களில் ஓட விடுங்கள்: “சிரிச்சு சிரிச்சு செத்தேன்”, “எக்ஸாமை நினைச்சாலே உயிர் போகுது”, “நாளைக்குள்ள முடிக்கச் சொல்லி சாவடிக்கிறாரு”. மூன்றுக்கும் கொடி ஏறும். நாம் சாவை நாள் முழுக்க வாயில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள். உண்மையில் அந்த எண்ணத்தில் இருப்பவரோ, பெரும்பாலும் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு போவார்.

அமெரிக்காவில் 2013-ல் ‘க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’ என்ற குறுஞ்செய்தி உதவிச் சேவை தொடங்கியது. அவர்களிடம் சேர்ந்த செய்திகளை அலசியபோது, தற்கொலை என்ற சொல்லைவிட, எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய ஒரு வலி மாத்திரையின் பெயர் வந்தால் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. எந்த உளவியல் பாடப் புத்தகத்தை வைத்தும் அந்தப் பட்டியலை எழுதியிருக்க முடியாது. முன்பு பேசியவர்களுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பதோடு அவர்கள் எழுதியதைப் பொருத்திப் பார்த்ததால்தான் அது கிடைத்தது. ஆராய்ச்சி என்பது அந்தப் பொருத்திப் பார்க்கும் வேலைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2018-ல் அல்-மொசைவி, ஜான்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் இயங்கும் 63 இணையக் குழுக்களின் எழுத்தை எடுத்து எண்ணினார்கள். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘முழுக்க’, ‘எதுவுமே’ என்று இடைவெளியே விடாமல் அடித்துப் பேசுகிற சொற்களை மட்டும் கணக்கெடுத்தார்கள். பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களின் குழுக்களில் அந்தச் சொற்கள் மற்ற குழுக்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் குழுக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அதிகம். சோகம், அழுகை போன்ற சொற்களைவிட இந்தச் சொற்கள் குழுக்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டின. ஒருவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்பதைவிட, அவர் மனசில் எத்தனை கதவுகள் சாத்தப்பட்டிருக்கின்றன என்பதை இந்தச் சின்னச் சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன.

இதெல்லாம் எங்கே பயன்படுகிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படியொரு சாட் சேவையில் வேலை செய்கிறேன். நள்ளிரவில் என் திரை இப்படி இருக்கும்: இடப்பக்கம் காத்திருப்போர் பட்டியல், ஒவ்வொருவரின் முதல் செய்தியிலிருந்து ஒரு வரி. செவிமடுப்பவர்கள் நாலைந்து பேர், காத்திருப்பவர்கள் பல மடங்கு. காதல் முறிவு, தூக்கமின்மை, வேலை போன கவலை என்று எல்லாமே நியாயமான வலி. யாரையும் ‘அப்புறம் வாங்க’ என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் இன்னும் முக்கால் மணி நேரம் காத்திருந்தால் ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடக்கூடும், போனால் திரும்பி வராமலே போகக்கூடும். அந்த ஒருவரைப் பட்டியலின் அடியிலிருந்து மேலே தூக்கிவிடுவது மென்பொருளின் வேலை. அதை நான் மனதார வரவேற்கிறேன். வரிசையை மாற்றிக் கொடுத்த பிறகு அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டும்.

மேடம், நான் ஒரு சாட் சேவையில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். பேச ஆரம்பிக்கும்போது அழுதவர், முடிக்கும்போது அமைதியாகி நன்றி சொல்லிவிட்டுப் போனால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்வது சரிதானா?
— பயிற்சியில் இருக்கும் வாசகி

பல சமயம் சரி. பேசியதால் பாரம் இறங்குவது நாம் தினமும் காண்பது. ஆனால் அமைதி இரண்டு வழிகளில் வரும். ஒன்று, நாளைக்கு என்ன செய்யலாம் என்று தெரிந்ததால் வருவது. மற்றது, நாளை என்ற ஒன்றே வேண்டாம் என்று முடிவெடுத்ததால் வருவது. நன்றி சொல்லும் வரி இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் கடைசி வரியை மட்டும் படிக்காதீர்கள். உரையாடல் எந்தப் பக்கம் திரும்பியது என்று மேலே போய்ப் பாருங்கள்.

புதியவர்களுக்குப் பயிற்சி தருவதற்காக ஓர் உரையாடல் எழுதி வைத்திருக்கிறேன். பலரிடம் கேட்டதன் சாயல் அதில் உண்டு, எந்த ஒருவருடையதும் இல்லை.

“தூக்கமே வரல. எது பண்ணாலும் தப்பாவே போகுது.”
“எப்பலேருந்து இப்படி இருக்கு?”
“தெரியல. காலைல பொண்ண எழுப்பணும், ஸ்கூலுக்கு அனுப்பணும். அதுக்காகத்தான் ஓடிட்டிருக்கு.”

பேச்சு வேறு எங்கெங்கோ போகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவரே அடுத்தடுத்து எழுதுகிறார்:

“அவ சித்தி அவள நல்லா பாத்துப்பா. என்னைவிட நல்லாவே பாத்துப்பா.”
“நீங்க பேசினது ஆறுதலா இருந்துச்சு. நீங்களும் பாவம், எத்தனை பேர்கிட்ட பேசுவீங்க. வச்சிடறேன்.”

முதலில் நாளைக் காலை என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘எழுப்பணும்’, ‘அனுப்பணும்’ என்று அவருக்கே வேலை இருக்கிறது. பிறகு வருகிற வாக்கியத்திலும் எதிர்காலம் இருக்கிறது, ஆனால் அதில் அவர் இல்லை. உயிரோடு பிடித்து வைத்திருந்த காரணத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார். கடைசியில் உங்களுக்கே ஆறுதல் சொல்கிறார், உங்களுக்கும் பாரமாக இருக்க வேண்டாம் என்று விடைபெறுகிறார். தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-ல் முன்வைத்த கோட்பாட்டில், தற்கொலை எண்ணத்தை வளர்க்கும் இரண்டு உணர்வுகளைச் சொல்கிறார். நான் யாருக்கும் சொந்தமில்லை என்பது ஒன்று, நான் எல்லோருக்கும் சுமை என்பது மற்றது. அந்த இரண்டாவது உணர்வு இங்கே குரலை உயர்த்தாமல், மரியாதையோடு வந்து நிற்கிறது. ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்க்கும் மென்பொருளுக்கு இதில் எதுவும் தெரியாது. வரிகளின் வரிசையைச் சேர்த்துப் படிக்கப் பழக்கியதற்குத் தெரிய வாய்ப்பு உண்டு. நீங்கள் கவனித்துப் படித்தால் உங்களுக்கும் தெரியும்.

‘வச்சிடறேன்’ என்று வந்ததும் நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “ஒரு நிமிஷம் இருங்க. சித்தி பாத்துப்பாங்கன்னு சொன்னீங்களே, அது மனசுல நிக்குது. உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” ‘தப்பா எதுவும் யோசிக்கலையே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே அவர் வாயில் போட்டுவிடுகிறீர்கள். ஆமாம் என்று வந்தால் பதறாமல் அடுத்ததைக் கேளுங்கள்: எப்போதிலிருந்து தோன்றுகிறது, எப்படி என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், அதை வேறொருவரிடம் கொடுத்துவைக்கச் சொல்வது முதல் வேலை. உங்கள் மேற்பார்வையாளரை அப்போதே உள்ளே அழையுங்கள். தனியாகத் தாங்கும் வேலை இல்லை இது.

ஐயா/அம்மா, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஆய்வுகளெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. ‘நான்’ என்ற சொல் அதிகம் வந்தால் அபாயம் என்று படித்தேன். தமிழில் ‘நான்’ இல்லாமலே பத்து வாக்கியம் பேசலாமே?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஐயா, நான் வருஷக்கணக்காகச் சொல்லிவருவதை நீங்கள் ஒரு வரியில் கேட்டுவிட்டீர்கள்.

நீங்கள் படித்தது 2001-ல் ஸ்டிர்மன், பென்னபேக்கர் இருவரும் செய்த ஆய்வாக இருக்கும். தற்கொலையால் இறந்த ஒன்பது கவிஞர்கள், அப்படி இறக்காத ஒன்பது கவிஞர்கள், இவர்களின் ஏறத்தாழ 300 கவிதைகளைக் கணினியில் சொல் சொல்லாக எண்ணினார்கள். முதல் குழுவினரின் கவிதைகளில் ‘நான்’, ‘என்’, ‘எனக்கு’ அதிகம் வந்தன. அந்த மனம் தனக்குள்ளேயே சுருண்டுகொள்கிறது என்று பொருள் கொண்டார்கள். இதற்கு முன்னோடி எட்வின் ஷ்னைட்மன். அவரும் ஃபார்பரோவும் 1957-ல், இறந்தவர்கள் விட்டுச்சென்ற 33 கடிதங்களையும், அந்த எண்ணமே இல்லாதவர்களைக் கற்பனையாக எழுதச் சொல்லி வாங்கிய 33 கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 2010-ல், ஜான் பெஸ்டியனின் குழு அதே கடிதங்களைப் பிரிக்கும் வேலையைக் கணினிக்கும் மனநல வல்லுநர்களுக்கும் கொடுத்தது. வல்லுநர்கள் 63 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள், கணினி 78 சதவீதம்.

இனி தமிழுக்கு வருவோம். “முடியல. தூங்கி நாளாச்சு. சாப்பிடவும் பிடிக்கல. எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு இருக்கேன்.” இதில் ‘நான்’ ஒரு தடவைகூட இல்லை. ஆனால் முழுக்க முழுக்கத் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார். ‘இருக்கேன்’ என்ற வினையின் விகுதியில்தான் அந்த ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்று வாக்கியங்களில் அதுகூட இல்லை, யாருக்கு முடியவில்லை என்பதை நாமே எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலக் கருவியை அப்படியே தமிழில் ஓட்டினால் எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கணினிக்குத் தமிழைப் பழக்குகிறவர்கள், வேலையைச் சுலபமாக்க, சொல்லின் வேரை வைத்துக்கொண்டு விகுதிகளை வெட்டிவிடுவது உண்டு. ‘யாரும்’ என்பதற்கும் ‘யாருமே’ என்பதற்கும் இடையில் இருப்பது ஓர் ஏகாரம். அந்த ஏகாரம்தான் சாத்தப்பட்ட கதவு. ‘கொடுத்தேன்’ என்பதும் ‘கொடுத்துவிட்டேன்’ என்பதும் வேரில் ஒன்றுதான். அந்த ‘விட்டேன்’தான் காரியம் முடிந்துவிட்டது, திரும்ப எடுக்கப்போவதில்லை என்று சொல்கிறது. அபாயம் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தையே வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஆராய்ந்து என்ன பயன்? அது போதாதென்று, பலர் சாட்டில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ‘முடியல’ என்ற ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒன்றைத் தெரிந்துகொண்ட கருவிக்கு மற்றொன்று வேறு சொல்லாகத் தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. ஹீப்ருவும் கணினி வளங்கள் குறைவாக உள்ள மொழிதான், அதிலும் வினைக்குள் ஆள் ஒளிந்துகொள்வது உண்டு. அந்த மொழியில் நடக்கும் ‘சஹர்’ என்ற இணைய ஆதரவுச் சேவையின் உரையாடல்களை வைத்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. உளவியல் தெரிந்தவர்கள் தொகுத்த சொல், தொடர் பட்டியலையும், அந்த மொழியிலேயே பழக்கிய பெரிய மொழி மாதிரியையும் (நிறைய எழுத்தைப் படித்துப் பழகிய மென்பொருள்) இணைத்தார்கள். உரையாடல் முடியும் வரை காத்திராமல், தொடக்கப் பகுதியிலிருந்தே அபாயத்தை ஊகிக்க முடிவதைக் காட்டினார்கள். தமிழுக்கும் முதலில் அந்தப் பட்டியல் வேண்டும். அதில் உங்களைப் போன்றவர்கள் உட்கார வேண்டும் ஐயா. பொறியாளர்கள் மட்டும் செய்தால் ஏகாரம் விட்டுப்போகும்.

ஓர் எடுத்துக்காட்டு மட்டும். நம்மில் பலர் விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வரேன்’ என்போம். நெடுநேரம் பேசிய ஒருவர் கடைசியில் ‘சரி, நான் போறேன்’ என்று மட்டும் எழுதினால், தமிழ் காதுக்கு எங்கோ இடறும். அது மட்டுமே அபாயம் என்று முடிவுகட்டக் கூடாது, அவசரத்தில் எழுதியதாகவும் இருக்கலாம். இடறிய இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மென்பொருள்களின் துல்லியம் 90 சதவீதம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். நம்பலாமா?
— புள்ளியியல் படித்த வாசகர்

கணக்கு உங்களுக்கே தெரியும், மற்ற வாசகர்களுக்காகப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேர் சாட்டுக்கு வருகிறார்கள், அவர்களில் 20 பேர் கடும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று வைப்போம். கருவி அந்த 20 பேரில் 18 பேரைப் பிடிக்கிறது. மீதி 980 பேரில் பத்தில் ஒருவர் மேல் தவறாகக் கொடி வைக்கிறது, அது 98 பேர். ஆக 116 கொடிகள், அவற்றில் 18 தான் உண்மை. கொடி ஏறிய ஆறேழு பேரில் ஒருவர். இரண்டு பேர் கொடியே இல்லாமல் அடியில் கிடக்கிறார்கள்.

இது நல்லதா கெட்டதா என்பது, கொடி ஏறினால் அடுத்து என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் ஒரு மனிதர் வந்து அன்பாக ஒரு கேள்வி கேட்கிறார் என்றால், தேவையில்லாமல் கேட்கப்பட்ட 98 பேருக்கு எந்த நஷ்டமும் இல்லை. கொடி ஏறியதும் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும் என்றால், 98 பேரின் வாழ்க்கையில் அநியாயமாகப் புகுந்துவிட்டோம். அவர்கள் இனி எங்கேயும் மனம் விட்டு எழுத மாட்டார்கள். கொடி இல்லாத இருவரைப் பொறுத்தவரை, ‘பச்சையாக இருக்கிறது, பயமில்லை’ என்று செவிமடுப்பவர் அசந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம், கருவி ஒன்றும் சொல்லாத உரையாடலில் கூடுதல் கவனம் வையுங்கள் என்கிறேன்.

மனிதர்களின் கணிப்பும் பெருமைப்படும்படி இல்லை. 2017-ல் ஜோசப் ஃபிராங்க்ளினும் குழுவினரும் 50 ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யார் தற்கொலைக்கு முயல்வார் என்று முன்கூட்டிச் சொல்வதில், நமக்குத் தெரிந்த அபாயக் காரணிகள் குருட்டாம்போக்கைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது. அதனால் கணிப்பு என்ற பேச்சையே நான் விரும்புவதில்லை. இந்த ராத்திரி யாருக்கு முதலில் பதில் போடுவது என்ற சின்ன முடிவுக்கு இது உதவினால் போதும்.

பதினாறு வயது மகள் இருக்கிறாள். கொஞ்ச நாளாக முகம் சரியில்லை. அவள் வாட்ஸ்ஆப்பில் எழுதுவதை அவளுக்குத் தெரியாமல் எடுத்து இப்படியொரு ஆப்பில் போட்டுப் பார்க்கலாமா? நேரில் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
— ஓர் அம்மா

வேண்டாம் அம்மா. தெரிந்துவிட்டால், அவள் உங்களிடம் வரக்கூடிய ஒரே வழியும் அடைபட்டுப்போகும். 2014 அக்டோபரில் பிரிட்டனின் ‘சமாரிட்டன்ஸ்’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு ட்விட்டருக்காக ‘ரேடார்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவில் கவலைக்குரிய தொடர் வந்தால் உங்களுக்கு மெயில் வரும். எழுதியவருக்கு அது தெரியாது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மனநலப் பிரச்னை உள்ளவர்களே, ‘எங்களை வேவு பார்க்கிறீர்கள், எங்களுக்குத் தீங்கு நினைப்பவர்களுக்கும் எங்கள் பலவீனமான நேரத்தைக் காட்டிக்கொடுக்கிறீர்கள்’ என்று எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் பயத்துக்கு நேரடியான பதில் இருக்கிறது. 2005-ல் மேடலின் கோல்டும் குழுவினரும் நியூயார்க் மாநிலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மனக்கலக்கமும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்கப்பட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்ததாகத் தெரிந்தது. கேட்பதால் எண்ணம் முளைக்காது.

முகம் பார்த்து உட்கார வேண்டாம், அவளோடு சேர்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டே ஆரம்பியுங்கள். “கொஞ்ச நாளா நீ நீயா இல்ல கண்ணு. வாழவே பிடிக்கலன்னு எப்பவாவது தோணுதா?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் உங்களுக்கு நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால், ‘உனக்கு என்ன குறை வச்சோம்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “சொன்னியே, அது போதும். இனிமே இது உன் தனிப் பிரச்னை இல்ல” என்று சொல்லுங்கள். பிறகு இருவருமாக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள்.

ஏஐ சாட்பாட்டே இரவெல்லாம் பேசுகிறதே, அது போதாதா?
— ஒரு வாசகர்

தூக்கம் வராத இரவில் நாலு வார்த்தை எழுதிப் பார்க்க உதவலாம். உயிர் பற்றிய எண்ணம் வந்துவிட்டால் போதாது. உங்கள் அண்ணனுக்குப் போன் போடவும், ராத்திரி உங்களோடு ஒருவரை உட்கார வைக்கவும் ஆள் வேண்டும்.

உதவி கேட்டு எழுதுவதையெல்லாம் கம்ப்யூட்டர் படிக்கிறது என்று தெரிந்த பிறகு எழுதவே கூச்சமாக இருக்கிறது. அது எங்கே போகிறது?
— ஒரு வாசகி

கூச்சம் நியாயமானது. நான் மேலே பாராட்டிய க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைனே, அடையாளம் நீக்கிய உரையாடல் தரவுகளைத் தன்னோடு தொடர்புடைய ஒரு வணிக நிறுவனத்துடன் பகிர்ந்துகொண்டது 2022 ஜனவரியில் செய்தியாகி, கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பகிர்வை நிறுத்தியது. விதிமுறைகளுக்குச் சம்மதம் வாங்கியிருந்தோம் என்றார்கள். அழுதுகொண்டே ஓடி வருகிறவர் விதிமுறையைப் படித்துச் சம்மதித்தார் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஃபேஸ்புக் 2017-ல் பதிவுகளிலிருந்து தற்கொலை அபாயத்தைக் கண்டறியும் முறையைப் பல நாடுகளுக்கு விரித்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுவிட்டது. அங்கே அந்தரங்கச் சட்டம் கடுமை. சட்டம் கடுமையாக இருந்தால் நிறுவனங்கள் யோசிக்கின்றன என்பது தெரிகிறது.

எந்தச் சேவையிலும் ஆரம்பத்திலேயே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: நான் எழுதுவதை மென்பொருள் படிக்கிறதா? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? வெளியே யாருக்குத் தருவீர்கள்? எந்த நிலையில் என் சம்மதமில்லாமல் பிறரை அழைப்பீர்கள்? நேராகப் பதில் சொல்லாத இடத்தில் அந்தரங்கத்தை எழுத வேண்டாம். ஆனால் உயிர் ஊசலாடுகிற நேரமாக இருந்தால் இந்தக் கேள்விகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பேசிவிடுங்கள். அவற்றைக் கேட்கவும் சண்டை போடவும் நாங்கள் இருக்கிறோம்.

உரையாடல்களைப் படித்து அபாய அளவு குறிக்கும் ‘லேபிள்’ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சேரலாமா? மனசு தாங்குமா?
— மொழியியல் மாணவர்

சேருங்கள், இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டு சேருங்கள். ஒன்று, ஒரே உரையாடலை இரண்டு பேராவது தனித்தனியாகக் குறிக்கிறார்களா? ‘அபாயம் இல்லை, குறைவு, நடுத்தரம், கடுமை’ என்ற நாலு படிகளில் நடுவிலுள்ள இரண்டைப் பிரிப்பதில் அனுபவசாலிகளே முரண்படுவார்கள். அந்த முரண்பாட்டை உட்கார்ந்து பேசும் கூட்டம் இருந்தால் நல்ல இடம். அங்கேதான் நீங்கள் மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள். பெரும்பான்மை ஓட்டில் முடித்துக்கொண்டு போகிற இடமாக இருந்தால் கருவியும் அப்படித்தான் வரும்.

இரண்டு, குறிப்பவர்களைக் கவனிக்க ஆள் இருக்கிறார்களா? எங்கள் குழுவில் ஒரு வேளைக்கு மேல் யாரையும் தொடர்ந்து படிக்க விடுவதில்லை. கனமான உரையாடல் வந்தால் அதை முடித்ததும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உங்கள் வீட்டில் சமீபத்தில் இப்படியொரு இழப்பு நேர்ந்திருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். நேர்முகத்தில் இதைக் கேட்காமல் வேலையில் சேர்த்துக்கொள்ளும் இடமாக இருந்தால், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.